மெல்லிய ஷாஃப்டை அகலமான கோல்ஃப் தலையில் பொருத்துவது எப்படி: மலையகக் குளிருக்கு ஏற்ற முழு வழிகாட்டி

ஷாஃப்டை, அதாவது மட்டையின் நீண்ட தண்டை, தலையின் கழுத்துக்குள் விட்டுப் பார்க்கிறீர்கள். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு அடிவரை போய்விடுகிறது. லேசாக ஆட்டினால் உள்ளே 'டக் டக்' என்று தட்டுகிறது. ஷாஃப்ட் மெல்லியது, துளை பெரியது. அந்தச் சத்தத்தைப் பசையை ஊற்றி அடக்கிவிடலாம் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நுவரெலியாவில் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1889இல். நகரத்தின் நடுவிலேயே திடல் இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் அங்கே பை தூக்கும் கெடி வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் கையில் சேரும் மட்டைகள் ஒரே செட்டாக வருவதில்லை. ஒருவர் விட்டுப்போன தலை, இன்னொருவர் முறித்துப் போட்டதில் மிஞ்சிய ஷாஃப்ட், எங்கோ வாங்கிய பழைய ஐயர்ன் (இரும்புத் தலை மட்டை) என்று பலதும் கலந்து வரும். இரண்டை ஒன்றாக்கி ஒரு நல்ல மட்டை செய்ய வேண்டும் என்றால் அளவு பொருந்தாத சிக்கல் கட்டாயம் வரும். அதைச் சரியாகச் செய்ய முடியும். வீட்டில் இருக்கும் சாமானோடு ஹார்ட்வெயார் கடையில் நாலைந்து பொருள் வாங்கினால் போதும்.

நான் முதலில் செய்த ஏழாம் நம்பர் ஐயர்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தை மாதக் குளிர். தெரிந்த மாமா ஒருவருக்காகச் செய்தது. இடைவெளி முழுவதையும் பசையால் நிரப்பி, ஒரு இரவு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மறுநாள் காலையிலேயே கொடுத்துவிட்டேன். மூன்றாவது அடியில் தலை திரும்பிவிட்டது. "தம்பி, மூஞ்சி வேற பக்கம் பாக்குதுப்பா" என்று கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, கழன்று பறக்கவில்லை. கழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் பசை தடிப்பாக, உறைந்த கித்துள் பாணி மாதிரி நகத்தால் அமுக்கினால் குழிந்தது. எதிர்ப்பக்கம் பசையே இல்லை, இரும்போடு இரும்பு உரசிய தடம்தான் இருந்தது. அதில் இரண்டு பிழைகள் சேர்ந்திருந்தன. பசையை நிரப்பும் பொருளாக நினைத்தது ஒன்று. நம் ஊர்க் குளிரில் அது எவ்வளவு மெதுவாக இறுகும் என்று தெரியாதது மற்றது. கீழே வரும் வேலை முழுவதும் இந்த இரண்டையும் சரிசெய்வதுதான்.

முதலில் அளவு

ஷாஃப்ட் நுனியின் அளவை உலகம் முழுக்க அங்குலத்தில்தான் சொல்வார்கள். நம் கையில் இருக்கும் கலிப்பர் பெரும்பாலும் மில்லிமீட்டரில் காட்டும். அதனால் இந்த நான்கையும் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்:

0.335 அங்குலம் = 8.51 மி.மீ. (இன்றைய டிரைவர், ஃபேர்வே வுட் என்ற தூர அடி மட்டைகளின் ஷாஃப்டுகளில் பெரும்பாலானவை)
0.350 அங்குலம் = 8.89 மி.மீ. (பழைய வுட்கள் பல)
0.355 அங்குலம் = 9.02 மி.மீ. (நுனி கூம்பிய ஐயர்ன் ஷாஃப்ட்)
0.370 அங்குலம் = 9.40 மி.மீ. (நுனி நேரான ஐயர்ன் ஷாஃப்ட், வுட்டுக்கும் ஐயர்னுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட்)

பெரிய பிராண்டு ஐயர்ன்கள் பல 0.355 கூம்பு நுனியோடு வருகின்றன. வார்ப்பில் செய்த மலிவான தலைகளிலும், தனித்தனியாக விற்கும் தலைகளிலும் 0.370 நேர்த்துளை அதிகம். அதனால்தான் நமக்கு அடிக்கடி வரும் ஜோடி 0.355 ஷாஃப்டும் 0.370 தலையும். அடுத்தது, முறிந்த டிரைவரில் மிஞ்சிய 0.335 ஷாஃப்டும் பழைய 0.350 வுட் தலையும்.

ஷாஃப்டைக் கலிப்பரால் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். நுனியில் ஒரு தடவை, அங்கிருந்து இரண்டு அங்குலம் மேலே ஒரு தடவை. இரண்டும் ஒன்றாக இருந்தால் நேர் நுனி. மேலே தடிப்பு கூடியிருந்தால் கூம்பு நுனி. கூம்பு நுனி என்றால் ஒன்றை மனதில் வையுங்கள்: நீளத்தைக் குறைக்க நுனிப்பக்கம் வெட்டவே கூடாது. வெட்டினால் விட்டம் மாறிவிடும். வெட்டுவதைக் கைப்பிடிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையின் துளையை அளப்பது கொஞ்சம் சிரமம். கலிப்பரின் உள்தாடை வாயருகே மட்டும்தான் எட்டும். நான் ஒரு 0.370 நேர் ஸ்டீல் ஷாஃப்டிலிருந்து நான்கு அங்குலத் துண்டை அறுத்து அளவுகோலாக வைத்திருக்கிறேன். அது அடிவரை சுகமாகப் போனால் நேர்த்துளை. பாதி வழியில் இறுகி நின்றால் கூம்புத்துளை. கூம்புத்துளைக்குக் கூம்பு ஷாஃப்ட் அப்படியே பொருந்தும், இடைவெளியை அடைக்கும் வேலையே இல்லை.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது

0.370க்கும் 0.355க்கும் வித்தியாசம் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஷாஃப்ட் நடுவில் நின்றால் ஒவ்வொரு பக்கமும் 0.19 மி.மீ. தான். இந்தத் தடிப்புள்ள பசைப் படலம் பலவீனமானது அல்ல, நல்ல எபோக்சி இதைத் தாங்கும். சிக்கல் என்னவென்றால், ஷாஃப்ட் நடுவில் நிற்காது. ஒரு பக்கம் சாயும்.

எவ்வளவு சாயும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷாஃப்ட் 30 மி.மீ. ஆழம் உள்ளே போகிறது, மொத்த இடைவெளி 0.38 மி.மீ. முழுச் சாய்வு வந்தால் கிட்டத்தட்ட முக்கால் பாகை. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 37 அங்குல மட்டையின் கைப்பிடி முனையில் அது 12 மி.மீ. விலகலாக வந்து நிற்கும். எந்தத் திசையில் சாய்கிறதோ அதற்கேற்ப மட்டையின் லை கோணமோ (ஷாஃப்ட் தரையோடு சாயும் கோணம்) லாஃப்ட் கோணமோ (முகம் பின்னோக்கிச் சாயும் கோணம்) மாறும். செட்டில் ஒவ்வொரு ஐயர்னும் வெவ்வேறு திசையில் சாய்ந்தால் அப்புறம் எந்த நம்பர் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு பசை ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் வழிந்து வற்றிவிடும். வற்றிய பக்கம்தான் முதலில் விடும்.

ஆகவே இடைவெளியை உலோகம் அடைக்கட்டும், பசை பிடித்துக்கொள்ளட்டும். ஷிம் என்ற மெல்லிய தகட்டு உறையின் வேலை அதுதான்.

0.335 ஷாஃப்டை 0.370 ஐயர்ன் தலையில் போடலாமா என்றும் கேட்பார்கள். அங்கே இடைவெளி 0.89 மி.மீ. ஆகிவிடுகிறது. அதற்கும் ஷிம் விற்கிறார்கள். ஆனாலும் நான் செய்யமாட்டேன். டிரைவருக்கென்று செய்த நீண்ட, இலேசான ஷாஃப்டை ஐயர்னின் கனமான தலையில் மாட்டினால் அடிக்கும்போது அந்த மட்டையில் கட்டுப்பாடே இருக்காது. பொருத்துவதில் வெற்றி பெற்று, விளையாடுவதில் தோற்பதற்கு அந்த உழைப்பு எதற்கு?

வேண்டிய சாமான்

இரண்டு குழாயில் வரும், 24 மணி நேரத்தில் இறுகும் எபோக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். அது நொறுங்கும் தன்மை கூடியது, ஒவ்வொரு அடியிலும் வரும் அதிர்ச்சியை நெடுநாள் தாங்காது. அதன்பின் 80, 120 நம்பர் சேண்ட் பேப்பர், அசிட்டோன், கழுத்துக்குள் போகும் உருண்டைக் கம்பி பிரஷ், சிறு வட்ட அரம், மாஸ்கிங் டேப், கையுறை, தூசிக்கு முகக்கவசம். ஃபெரூல் எனப்படும் கறுப்பு வளையம் ஒன்று, ஷாஃப்டின் அளவுக்கு ஏற்றது. தலை 0.370 என்பதற்காக 0.370 ஃபெரூல் வாங்கிவிடாதீர்கள், அது ஷாஃப்டில் சுழலும்.

நகப்பூச்சு அகற்றும் திரவத்தை அசிட்டோனுக்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம். அதில் பெரும்பாலும் எண்ணெய் கலந்திருக்கும், எண்ணெய்ப் படலத்தில் எபோக்சி ஒட்டாது. மண்ணெண்ணெயும் அப்படித்தான்.

பழைய ஷாஃப்டைக் கழற்றுவது

தலையில் முறிந்த துண்டு இருந்தால் அதை எடுக்க வேண்டும். முதலில் கழுத்தின் வெளிப்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். பழைய ஐயர்ன்களில் கழுத்தைக் குறுக்கே துளைத்துச் சின்ன ஆணி அடித்திருப்பார்கள், பாலிஷுக்கு அடியில் புள்ளியாகத் தெரியும். அதைத் தட்டி எடுக்காமல் எவ்வளவு சூடாக்கினாலும் ஷாஃப்ட் வராது.

ஷாஃப்டை ரப்பர் துண்டு சுற்றி வைஸில் பிடித்து, ஹீட் கன்னால் கழுத்தை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். பழைய எபோக்சி 100 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இளகத் தொடங்கும். ஒரு துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாக வேண்டும், அவ்வளவு சூடு போதும். ஸ்டீல் ஷாஃப்ட் என்றால் தலையைத் திருகி இழுக்கலாம். கிராஃபைட் ஷாஃப்டைத் திரும்பப் பயன்படுத்த நினைத்தால் திருகவே கூடாது. நேராக மட்டும் இழுக்க வேண்டும், திருகினால் உள்ளே இழைகள் பிரிந்துவிடும். வுட் தலைகளில் கழுத்தைத் தவிர்த்த மேற்பகுதிக்கு ஈரத்துணி சுற்றிவிடுங்கள்.

இந்த வேலையை வெளியில், காற்றோட்டமாகச் செய்யுங்கள். எரியும் எபோக்சிப் புகை நெஞ்சுக்கு ஆகாது. கண்ணாடி போடுங்கள், தலைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். ஷாஃப்டுக்குள் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து தலையைத் திடீரென்று தள்ளிவிடும்.

துப்புரவு

பாதி ஆயுள் இந்தப் படியில்தான் இருக்கிறது. கழுத்துக்குள் பழைய பசை ஒரு துணுக்குகூட மிஞ்சக் கூடாது. பிரஷை டிரில்லில் மாட்டிச் சுழற்றுங்கள், அரத்தால் ஓரத்தைச் சுரண்டுங்கள். கைத்தொலைபேசியின் லைட்டை வாயில் பிடித்து உள்ளே பாருங்கள். சுற்றிலும் மங்கிய சாம்பல் நிறம் தெரிய வேண்டும், பளபளப்பும் மஞ்சள் திட்டும் இருக்கக் கூடாது.

ஷாஃப்ட் நுனியில், உள்ளே போகும் ஆழத்தைவிட ஒரு மி.மீ. குறைவாக மாஸ்கிங் டேப்பால் எல்லை கட்டுங்கள். ஸ்டீல் என்றால் குரோம் பூச்சைச் சேண்ட் பேப்பரால் எடுக்க வேண்டும், குரோமில் பசை பிடிக்காது. ஆனால் ஷாஃப்ட் ஏற்கெனவே மெல்லியது என்பதை மறக்கக் கூடாது. பூச்சுப் போனதும் நிறுத்துங்கள். கிராஃபைட் என்றால் பெயின்ட் மட்டும் போக வேண்டும், கறுப்புத் தூள் அதிகமாக வரத் தொடங்கினால் இழையைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தத் தூளை மூச்சில் ஏற்றாதீர்கள். கிராஃபைட் ஷாஃப்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கழுத்தின் உள்விளிம்பு கூர்மையாக இருந்தால், அடிக்கும்போது அந்த விளிம்பு ஷாஃப்டைக் கத்தி மாதிரி வெட்டும். சரிவான அரத்தாலோ கவுண்டர்சிங்க் பிட்டாலோ விளிம்பை உட்பக்கமாகச் சரித்துவிடுங்கள்.

கடைசியாக இரண்டையும் அசிட்டோன் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறை வராதவரை துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு கைவிரல் பட்டால் மீண்டும் துடைக்கத்தான் வேண்டும்.

ஷிம்

கடையில் விற்கும் பித்தளை ஷிம் கிடைத்தால் நல்லது. 0.355இலிருந்து 0.370க்கு, 0.335இலிருந்து 0.350க்கு என்று அளவு போட்டே வரும். கிடைக்காவிட்டால் நாமே செய்யலாம்.

ஷாஃப்டின் சுற்றளவு 9.02 × 3.14, ஏறக்குறைய 28.3 மி.மீ. தகட்டை 25 மி.மீ. உயரம், 27 மி.மீ. அகலமாக வெட்டுங்கள். சுற்றியதும் ஒரு பக்கம் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிளவு இருக்கும். அது பிழை இல்லை, பசை அந்த வழியாக ஏறி இறங்குவதற்காகத்தான். தகட்டின் தடிப்பு 0.10 முதல் 0.15 மி.மீ. வரை. பக்கத்துக்கு 0.19 இருக்கிறதே, ஏன் முழுவதையும் அடைக்கவில்லை என்று கேட்கலாம். ஷிம்முக்கு உள்ளும் வெளியும் பசைப் படலம் வேண்டும். தகடு இறுக்கமாக இருந்தால் உள்ளே தள்ளும்போது பசையை முழுக்க வழித்துவிடும், பிடிப்பு இருக்காது.

பித்தளைத் தகடு இல்லாதவர்களுக்கு அலுமினியப் பானக் கேன் இருக்கிறது. அதன் சுவரின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மி.மீ., நமக்கு வேண்டிய அளவுக்குள் வருகிறது. கத்தரிக்கோலே வெட்டும். ஆனால் வெளியே பெயின்டும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அரக்குப் பூச்சும் இருக்கும். இரண்டு பக்கமும் 120 நம்பர் சேண்ட் பேப்பரால் மங்கும்வரை தேய்க்காமல் போட்டால், எபோக்சி பூச்சைப் பிடித்துக்கொள்ளும், பூச்சு உலோகத்தை விட்டுவிடும். தகட்டை எட்டு மி.மீ. டிரில் பிட்டின் தண்டில் சுற்றி உருட்டினால் ஷாஃப்டைக் கவ்விப் பிடிக்கும் வளைவு வரும். மூலைகளை உருட்டிவிடுங்கள், ஆணி முனையால் ஏழெட்டுச் சிறு துளை போட்டு, பிசிறைத் தட்டையாக்குங்கள்.

கூம்பு ஷாஃப்டில் ஒரு நுணுக்கம் உண்டு. நுனியில்தான் இடைவெளி அதிகம், வாய்க்கு வரவரக் குறைந்துகொண்டே போகும். ஒரே தடிப்புள்ள தகட்டை வாய்வரை ஏற்றினால் மேலே இறுகிக்கொள்ளும். ஆகவே தகட்டை நுனியோடு ஒட்டி வையுங்கள், மேல் ஓரத்தைச் சேண்ட் பேப்பரில் தேய்த்து மெல்லியதாக்குங்கள்.

சிலர் வயரிலிருந்து எடுத்த மெல்லிய செப்பு இழைகளை ஷாஃப்டின் நீளவாக்கில் மூன்று நான்கு இடத்தில் வைப்பார்கள். துளை ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும் இடங்களில் அது வேலை செய்யும், ஷாஃப்டை நடுவில் நிறுத்தும். பசையில் கலக்கும் கண்ணாடி மணித்தூளும் அதற்குத்தான். ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் பசை பலம் குறையும். 0.015 அங்குல இடைவெளிக்கு இரண்டையும் நான் நம்புவதில்லை. நூல் சுற்றுவது, காகிதம் சுற்றுவது வேண்டவே வேண்டாம்.

பசை இல்லாமல் ஒரு ஒத்திகை

ஃபெரூலைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டால் இளகும், அப்புறம் ஷாஃப்டில் தட்டி ஏற்றலாம். ஷிம்மை மாட்டி, ஷாஃப்டை அடிவரை தள்ளிப் பாருங்கள். குறைந்தது 25 மி.மீ., முடிந்தால் 30 மி.மீ. உள்ளே போக வேண்டும். கைவிரல் பலத்தில் போகவேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் ஷிம் தடிப்பு. ஆட்டினால் 'டக்' சத்தம் வந்தால் மெல்லியது. சத்தமும் இல்லை, சிரமமும் இல்லை என்ற இடம் வரும்வரை தகட்டை மாற்றிக்கொண்டே இருங்கள். எனக்குச் சில வேளை மூன்று தகடு வெட்ட வேண்டியிருக்கிறது.

ஒத்திகையில் ஷாஃப்டை மேசையில் உருட்டி, கழுத்து வட்டம் போடாமல் ஒரே நேராகச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். முகம் நேராக நிற்கும் நிலையில் ஷாஃப்டுக்கும் கழுத்துக்கும் குறுக்கே பென்சில் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். பசை பூசிய கையோடு திசை தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பசையும் நம் ஊர்ப் பனியும்

பசை உறையில் எழுதியிருக்கும் 24 மணி நேரம் நமக்குப் பொருந்தாது. அது 20, 25 பாகைச் சூட்டில் சொல்லும் கணக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். தை, மாசியில் இரவில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, சில விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். எபோக்சி இறுகுவது ஒரு வேதியியல் மாற்றம். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வேண்டும். 25 பாகையில் ஒரு நாள் என்றால் 15 பாகையில் இரண்டு நாள். அதற்கும் கீழே போனால் இறுகுவது பாதியில் நின்றதுபோல ஆகிவிடும். திகன பக்கம் விக்டோரியா திடலருகே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அங்கே வெக்கை. ஹட்டன், நானுஓயா, கந்தப்பளை பக்கம் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

அடுத்தது ஈரம். வெளியே ஷெட்டில் கிடந்த குளிர்ந்த இரும்புத் தலையை, அடுப்பெரியும் வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் மெல்லிய பனி படியும். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெளியே வேர்க்கும் அல்லவா, அதேதான். கழுத்தின் உட்சுவரிலும் வேர்க்கும், நமக்குத் தெரியாது. அந்த நீர்ப் படலத்தின் மேல் பூசிய பசை இரும்பைத் தொடுவதே இல்லை. அதனால் தலையையும் ஷாஃப்டையும் முதல் நாள் இரவே அறைக்குள் கொண்டுவந்து வையுங்கள். பசை பூசுவதற்குச் சற்று முன் ஹீட் கன்னாலோ ஹேர் டிரையராலோ கழுத்தை, கையில் பிடித்தால் இதமாக இருக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். கொதிக்கும் சூடு இருந்தால் உள்ளே உள்ள காற்று விரிந்து ஷாஃப்டை மேலே தள்ளும்.

பசைக் குழாய்களைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகும். குளிரில் கெட்டியாக இருக்கும் பசையைக் கலக்கினால் ஒன்றாகக் கலந்தது போலத் தெரியும், கலந்திருக்காது. ஒரு டின் மூடியில் இரண்டு குழாயிலிருந்தும், உறையில் சொன்ன விகிதத்தில் அளந்து எடுங்கள். கையுறை போட்டு, குச்சியால் முழுசாக இரண்டு நிமிடம், ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். வெள்ளைக் கோடுகள் ஒன்றும் தெரியக் கூடாது.

குச்சியால் கழுத்தின் உட்சுவர் முழுக்கப் பூசுங்கள். ஷாஃப்ட் நுனியில் பூசுங்கள். ஷிம்மை மாட்டி, அதன் வெளிப்பக்கமும் பூசுங்கள். மூன்று பரப்பிலும் ஈரம் இருக்க வேண்டும். பிறகு ஷாஃப்டை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். அடியைத் தொட்டதும் பாதி வெளியே இழுத்து, மறுபடி சுழற்றித் தள்ளுங்கள். அடைபட்ட காற்று குமிழியாக வாயில் வெளியே வரும். ஃபெரூல் கழுத்தோடு ஒட்டி உட்கார்ந்ததும் பென்சில் கோடுகளை நேராக்கி, வழிந்த பசையை அசிட்டோன் துணியால் உடனே துடையுங்கள். மிச்சப் பசை டின் மூடியிலேயே இருக்கட்டும், அதை வீசிவிடாதீர்கள்.

காத்திருப்பு

தலை கீழே, ஷாஃப்ட் மேலே, முடிந்த அளவு செங்குத்தாக. சுவரில் ஆணி அடித்துக் கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும். தலைகீழாக வைத்தால் பசை ஷாஃப்டின் உள்ளே ஓடி, காய்ந்த பின் துணுக்காக உடைந்து அடிக்கும்போதெல்லாம் 'கிலுகிலு' என்று சத்தம் போடும்.

சூட்டுக்கு ஒரு அட்டைப் பெட்டி. தலையும் கழுத்தும் உள்ளே இருக்கும்படி ஒரு பக்கத்தில் ஓட்டை போட்டு, உள்ளே 40 அல்லது 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றை, அட்டையில் படாதபடி தொங்க விடுங்கள். எல்.இ.டி. பல்பு சூடு தராது. பெட்டிக்குள் 25 முதல் 30 பாகை இருந்தால் போதும், சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் இரவு முழுக்க எரியவிட வேண்டாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நெருக்கமாக இருக்கிறோம், ஒரு பொறி போதும். பகலில் எரியவிட்டு, இரவில் அணைத்துப் போர்வையால் சுற்றிவைத்தால் இரண்டு நாளில் வேலை முடியும். பெட்டி இல்லாமல் அறைக்குளிரில் விட்டால் நான் நான்கு நாள் தொடுவதில்லை. அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதை நான் விட்டுவிட்டேன், ஒரு நேரம் கொதிக்கிறது, ஒரு நேரம் குளிர்கிறது, புகையும் படிகிறது.

இறுகிவிட்டதா என்று டின் மூடியைக் கேளுங்கள். அதே பெட்டியில், அதே சூட்டில் அதையும் வைத்திருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் கழுத்துக்குள்ளும் இறுகவில்லை. ஆணியால் கீறினால் வெள்ளைக் கோடு மட்டும் விழுந்து, தட்டினால் 'டிக்' என்று கல் மாதிரிச் சத்தம் வந்தால் சரி. மேலே மட்டும் ஒட்டும் பிசுபிசுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், குளிரிலும் ஈரத்திலும் எபோக்சியின் மேல் அப்படி ஒரு படலம் வரும். துடைத்துவிட்டு அடியில் அழுத்திப் பாருங்கள்.

எடை, பிறகு சோதனை

பித்தளை ஷிம் ஒன்றரை கிராமுக்குள்தான் வரும். தலையில் இரண்டு கிராம் கூடினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஒரு புள்ளி கூடும் என்பது பொதுக் கணக்கு. அலுமினியம் என்றால் அதுகூட இல்லை. நீளம்தான் பெரிய விஷயம். அரை அங்குலம் கூடினால் மூன்று புள்ளி. ஆகவே கைப்பிடி ஏற்றுவதற்கு முன் செட்டில் உள்ள மற்ற ஐயர்ன்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு நம்பருக்கு அரை அங்குலம் என்ற படிக்கட்டு சரியாக வருகிறதா என்று பார்த்து, தேவையானால் மேல்முனையில் வெட்டுங்கள்.

கைப்பிடி ஏற்றியாயிற்று என்றால், ஃபெரூலும் கழுத்தும் சேரும் இடத்தைக் குறுக்கே கடந்து ஷாஃப்ட்வரை ஒரு மெல்லிய மார்க்கர் கோடு போடுங்கள். முதலில் கையால்: தலையைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, கைப்பிடியை இரண்டு பக்கமும் பலமாகத் திருகுங்கள். கோடு உடையாமல் இருந்தால் திடலுக்கோ வெறும் பற்றைக்காட்டுக்கோ போகலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாக இருக்கட்டும், முன்னாலும் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் முதுகுக்குப் பின்னால் தூரத்தில் நிறுத்துங்கள். கழன்ற தலை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் பத்து அடி அரை வீச்சில், புல் மேல் வைத்த பந்தில். கோட்டைப் பாருங்கள். அடுத்த பத்து முக்கால் வீச்சில். மறுபடி பாருங்கள். அப்புறம் முழு வீச்சில் இருபது, அதில் சிலவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் தடிப்பாக, மண்ணோடு சேர்த்து அடியுங்கள். கழுத்துக்கு அதிகம் அடி விழுவது அப்போதுதான். கோடு ஒரு மயிரளவு விலகியிருந்தாலும் அந்த மட்டையைப் பையில் போடாதீர்கள், சூடாக்கிக் கழற்றித் துப்புரவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அந்த மாமாவின் ஏழாம் நம்பரையும் நான் அப்படித்தான் மறுபடி செய்தேன். பானக் கேன் தகடு, அட்டைப் பெட்டி, பல்பு, மூன்று நாள். போட்ட கோடு கையுரசலில் அழிந்து போய்விட்டது. தலை அசையவில்லை, இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.